அறுத்து 21 நாளான இறைச்சி

கல்முனைப் பக்கம் இறைச்சி வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்னால் "எப்ப அறுத்த, காக்கா?" என்றுதான் கேட்பார். "சுபஹுக்குப் பிறகுதான் தம்பி" என்று பதில் வரும். கொக்கியில் தொங்கும் தொடையின் ஓரத்தில் சதை இன்னும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கல்முனையை அடுத்த மருதமுனை மக்களுக்கு இறைச்சியின் தரம் என்றால் ஒரே அளவுகோல்தான்: புதுசு.

அதே ஊரில், கட்டாரில் சில வருடம் வேலைசெய்து திரும்பிய ஒருவர் கொழும்பிலிருந்து ஸ்டேக் ஓடர் பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டி வந்து இறங்குகிறது. உள்ளே காற்றுறிஞ்சிய பக்கற்றில் கருநீலம் கலந்த இரண்டு துண்டு. மேலே ஒட்டிய சீட்டில் '21 நாள் முதிரவைத்தது' என்று பெருமையாக எழுதியிருக்கிறது. கிலோ விலை, சந்தை விலையைப் போலப் பல மடங்கு. "மூணு கிழமைப் பழசுக்கா இவ்வளவு காசு?" என்று உம்மா கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் மாட்டின் தசைக்குள் இருக்கிறது.

அறுபட்டதும் மாடு இறந்துவிடுகிறது. தசை இறப்பதற்கு இன்னும் சில மணி நேரம் ஆகும். தசையிழைக்குள் அக்தின், மயோசின் என்ற இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால்தான் தசை சுருங்குகிறது. பற்றிய பிடியை விடுவதற்கு ஏ.ரி.பி. என்ற எரிபொருள் வேண்டும். இழுப்பதற்குச் சக்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தளர்வதற்கும் அது வேண்டும் என்பதுதான் உடற்றொழிலியலின் வேடிக்கை. இரத்தம் வடிந்து ஒக்சிசன் நின்றபின் தசை, தன்னிடம் சேர்த்து வைத்த கிளைக்கோஜனைச் சிதைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கிறது. அதில் பிறக்கும் இலற்றிக்கமிலம் தசையின் பி.எச். அளவை 7 என்ற நடுநிலையிலிருந்து 5.5 வரை இறக்குகிறது. எரிபொருள் தீர்ந்ததும் பிடித்த பிடி பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும். மரண விறைப்பு என்பது இதுதான். குளிரறையில் தொங்கும் மாட்டில் இது முழுமையடைய அரை நாளிலிருந்து ஒரு நாள் செல்லும். நம் கரையோர வெக்கையில் இன்னும் விரைவாக வந்துவிடும்.

ஆக, கடையில் துடிக்கும் சதை எரிபொருள் இன்னும் மிச்சமிருக்கிற சதை. அதை அந்த நேரமே அடுப்பில் ஏற்றினால் ஓரளவு மெதுமையாகவே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, வெங்காயம் நறுக்கி, தேங்காய்ப் பால் பிழிந்து, லுஹரை நெருங்கி ஆக்கும்போதோ அது விறைப்பின் உச்சத்தில் நிற்கிறது. 'புதுசு' என்று நாம் தேடி வாங்குவதைப் பெரும்பாலும் அதன் மிகக் கடினமான வேளையில்தான் சமைக்கிறோம். கறிக்கு இது பெரிய குறையில்லை. அதைப் பிறகு பார்ப்போம். ஆறேழு நிமிடம் தட்டில் வாட்டி எடுக்கும் ஸ்டேக்குக்கு இது விமோசனமில்லாத குறை.

ஹஜ்ஜுப் பெருநாளில் இந்த விஞ்ஞானம் ஊர் முழுக்க நடக்கிறது. உழ்ஹிய்யா இறைச்சி பங்கு பிரிந்து சொப்பிங் பேக்கில் வீடு வீடாக வரும். பைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். அன்றைக்கு ஆக்கியது போக மிச்சம் நேரே டீப் பிரீசருக்குள் போகும். ஒரு மாதம் கழித்து எடுத்தால் பாத்திரம் நிறையச் சிவப்புத் தண்ணீர். எவ்வளவு அவித்தாலும் இறைச்சி றப்பராக நிற்கும். "இந்த முறை கிடைச்சது கிழட்டு மாடு" என்று பழி மாட்டின்மேல் விழும். குறையில்லாத மாடுதான் உழ்ஹிய்யாவுக்கு ஆகும் என்பதால் மாட்டின்மேல் குற்றமிருக்க வாய்ப்புக் குறைவு. குற்றம் பிரீசரில்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். ஆட்டிறைச்சியைக் கப்பலேற்றும் அந்த நாட்டில், அறுத்தவுடன் வேகமாகக் குளிரூட்டிய இறைச்சி ஏன் கடினமாகிறது என்பது பெரிய தலைவலியாக இருந்தது. 1963இல் லொக்கர், ஹக்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் விறைப்புக்கு முந்திய மாட்டுத் தசையைப் பல வெப்பநிலைகளில் வைத்து அளந்தார்கள். 15 பாகை செல்சியஸ் அளவில் வைத்தது கொஞ்சம்தான் சுருங்கியது. 2 பாகையில் வைத்ததோ ஏறக்குறையப் பாதி நீளத்துக்குச் சுருங்கிப்போனது. குளிரில் தசைக்குள்ளிருக்கும் கல்சியம் கட்டுமீறி வெளிப்பட்டுச் சுருக்கத்தைத் தூண்டிவிடுகிறது; அந்தச் சுருக்கத்திலேயே விறைப்பும் வந்து பூட்டிவிடுகிறது. எரிபொருள் தீருமுன்பே உறைந்துபோன இறைச்சிக்கு இன்னும் மோசம்: உருகும் வேளையில் ஒரேயடியாகச் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். பெருநாள் இறைச்சியைச் சிறு துண்டாக்காமல் பெரிய துண்டாகவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து, பிறகு பிரீசருக்கு மாற்றினால் இதில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

விறைப்பு நிரந்தரமில்லை. தசைக்குள்ளேயே கல்பெயின் என்ற நொதியம் இருக்கிறது. மாடு உயிரோடிருக்கும்போது பழுதான புரதத்தைக் கழிப்பதில் அதற்குப் பங்குண்டு. இறந்தபின்பும் அது வேலையை நிறுத்துவதில்லை. நாரிழைகளைக் கட்டி வைத்திருக்கும் புரதங்களை ஒவ்வோர் இடமாக நறுக்கிக்கொண்டே போகிறது. 0 முதல் 2 பாகைக் குளிரில் பற்றீரியா மந்தமாகிவிடும். நொதியம் மெதுவாகவேனும் தொடரும். இந்த இடைவெளிதான் ஸ்டேக் வியாபாரத்தின் மூலதனம். முதல் இரண்டு கிழமையில் மெதுமையின் பெரும் பகுதி வந்துவிடுகிறது. மூன்றாம் கிழமை கொஞ்சம் கூட்டுகிறது. அதற்கு மேல் போவது சுவைக்காக. பக்கற்றில் அடைக்காமல் காற்றுப்படத் தொங்கவிட்டு முதிரவைத்தால் மேற்புறம் காய்ந்து கறுக்கும். அதைச் செதுக்கி எறியவேண்டும், நீரும் போய்விடும். எடை குறைந்த அந்தக் கணக்கை விற்பவர் நம் தலையில்தான் எழுதுவார். 21 நாளுக்குக் காசு கொடுப்பது புரிகிறது. 60 நாளுக்குக் கொடுப்பது, என்னைக் கேட்டால், நாக்குக்கு அந்த வாசம் பழகியவர்களுக்கு மட்டும்.

எல்லா மாட்டிலும் இந்த நொதியம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. கல்பெயினைக் கட்டிப்போடும் கல்பஸ்ரற்றின் என்ற இன்னொரு புரதம் உண்டு. திமிலுள்ள மாடுகளில் அது கூடுதல். மயிலத்தமடு, மாதவணை, வட்டமடு என்று நம் பக்கத்து மேய்ச்சல் தரைகளில் திரியும் நாட்டு மாடுகள் திமிலுள்ள இனம். வெயிலையும் உண்ணியையும் தாங்கும், வைக்கோலிலும் பிழைக்கும். வயலில் வேளாண்மை நிற்கும் காலத்தில் காட்டோரத்துக்குப் போய், அறுவடை முடிந்தபின் ஒட்டுக்காடு மேயத் திரும்பும். இந்த வாழ்க்கைக்குத் தக்க உடம்பு அது. மெதுமையான ஸ்டேக் தரும் உடம்பல்ல.

அவுஸ்திரேலியாவில் எம்.எஸ்.ஏ. என்றொரு தரப்படுத்தல் முறை 1990களின் கடைசியிலிருந்து நடக்கிறது. அதில் அறுத்த மாட்டின் திமில் உயரத்தை அளவுகோல் வைத்து மில்லிமீற்றரில் குறித்துக்கொள்கிறார்கள். திமில் உயர உயர மதிப்பெண் இறங்கும். எனக்கு அந்த முறையில் பிடித்தது, முடிவை நிபுணரிடம் விடாமல் சாப்பிடுகிறவர்களிடம் விட்டதுதான். சாதாரண ஆட்களைப் பல்லாயிரக்கணக்கில் உட்காரவைத்து, ஆளுக்கு ஏழு துண்டு கொடுத்து, மெதுமை, சாறு, சுவை, மொத்தத் திருப்தி என்று குறிக்கச் சொன்னார்கள். அதிலிருந்து தெரியவந்தது: ஒரு மாட்டுக்கு ஒரு தரம் என்று போட முடியாது. ஒவ்வொரு தசைக்கும், அதுவும் எப்படிச் சமைக்கிறோம் என்பதைப் பொறுத்து, தனித்தனித் தரம்.

மருதமுனை நெசவு ஊர். சாரன் நெய்த கைக்கு இறைச்சியைப் புரியவைப்பது சுலபம். தசை என்பது ஊடு ஓடாத பாவு: ஒரே திசையில் கிடக்கும் இழைக்கட்டுகள், ஒவ்வொரு கட்டையும் சுற்றிக் கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு. இழை போகும் திசையிலேயே வெட்டினால் வாய்க்குள் முழு நீள நூல் வரும். குறுக்காக வெட்டினால் நூல் துண்டு துண்டாகி, பல்லின் வேலை பாதியாகும். அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் வோர்னர்-பிராட்ஸ்லர் என்றொரு கருவி இருக்கிறது. வெந்த ஸ்டேக்கிலிருந்து அரை அங்குல விட்டத்தில் ஓர் உருளையைக் குடைந்தெடுத்து, மொட்டைக் கத்தியொன்று அதைக் குறுக்காக அறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும். நாலு கிலோவுக்குக் கீழே என்றால் மெதுமை என்று எடுத்துக்கொள்வார்கள். பல்லுக்குப் பதில் இரும்பு, அவ்வளவுதான்.

சவ்வு எங்கே அதிகம்? உழைத்த இடத்தில். கால், கழுத்து, நெஞ்சு எல்லாம் நாள் முழுக்கப் பாரம் சுமந்தவை. முதுகெலும்புக்கு அடியில், உள்பக்கமாக ஒட்டிக்கிடக்கும் நீண்ட தசைக்கு அவ்வளவு வேலையில்லை. நம் கடைகளில் அதை 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்குவார்கள். முழு மாட்டில் அது சில கிலோதான் தேறும் என்பதால் விலை ஏறுகிறது. வயதும் சேர்ந்துகொள்கிறது: மாடு முதிர முதிரக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, சூட்டுக்கு அசையாத கயிறாகிவிடுகின்றன. இளம் மாட்டின் கொலாஜனோ நீரோடு நெடுநேரம் கொதித்தால் ஜெலற்றினாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். கால் எலும்புக் கறி ஆறியபின் சட்டியில் கட்டியாகி நிற்கிறதே, அது இந்தக் கொலாஜன்தான். சவ்வு ஸ்டேக்குக்கு எதிரி, கறிக்குச் சொத்து. பப்பாசிக்காயை அரைத்துப் போடும் உம்மாமார் பப்பெயின் என்ற நொதியத்தைத்தான் போடுகிறார்கள். கல்பெயின் கிழமைக் கணக்கில் செய்கிற வேலைக்கு ஈடானதை அது மணிக் கணக்கில் செய்துவிடும். நேரம் தவறினால் மேற்புறத்தைக் களியாக்கியும் விடும்.

நிறத்தைப் பற்றி நம்மிடம் உள்ள நம்பிக்கைகளில் பாதி பிழை. இறைச்சியின் சிவப்பு இரத்தமல்ல, மயோகுளோபின். தசைக்குள் ஒக்சிசனைப் பிடித்து வைக்கும் புரதம் அது. உலகில் முப்பரிமாண வடிவம் முதன்முதலாக வரைந்து காட்டப்பட்ட புரதமும் அதுவே. 1958இல் ஜோன் கெண்ட்ரூ திமிங்கிலத்தின் தசையிலிருந்து எடுத்து அதைச் செய்தார். 1962இல் நோபல் பரிசு. ஒக்சிசன் படாதபோது மயோகுளோபின் கருஊதா. பட்டால் செக்கச்சிவப்பு. நாட்பட்டு அதன் இரும்பு ஒக்சியேற்றமடைந்தால் மண்ணிறம். காற்றுறிஞ்சிய பக்கற்றில் வந்த துண்டு கருநீலமாக இருந்தது பழுதானதால் அல்ல, ஒக்சிசன் இல்லாததால். கத்தரித்துத் தட்டில் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். ஓரத்திலிருந்து சிவப்பு ஏறிவரும். தட்டில் தேங்கும் சிவப்பு நீரும் இந்தப் புரதம் கரைந்த தண்ணீர்தான். ஓடும் இரத்தத்தைத்தான் மார்க்கம் விலக்கியிருக்கிறது என்பதால் அந்தக் கவலையும் வேண்டாம். வெட்டிய பரப்பில் சிலவேளை பச்சையும் செம்பொன்னுமாக ஒரு மினுக்கம் தெரியும். எத்தனையோ பேர் அதைக் கண்டு இறைச்சியைத் தூக்கி வீசியிருப்பார்கள். நெருக்கமாக அடுக்கிய இழை முனைகளில் ஒளி பட்டுச் சிதறி நிறம் பிரியும் காட்சி அது. இறைச்சிக்கு ஒன்றுமில்லை, சாய்த்துப் பிடித்தால் மறைந்துவிடும். பிசுபிசுப்போடும் வாடையோடும் எங்கே சாய்த்தாலும் மாறாத பச்சை என்றால் அது வேறு கதை.

அதேபோல் செக்கச்சிவப்பு தரத்துக்கு உத்தரவாதமுமல்ல. சில நாடுகளின் சுப்பர்மார்க்கட் தட்டுகளில் 80 சதவீதம் வரை ஒக்சிசன் நிரப்பி மூடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். உள்ளே கொழுப்பும் புரதமும் ஒக்சியேற்றமடைந்து, மெதுமை குறைகிறது. நான் அஞ்சுவது சிவப்பு குறைந்ததை அல்ல, கறுத்து உலர்ந்து ஒட்டும் தன்மையோடு இருப்பதை. லொறியில் நெரிந்து, தண்ணீரில்லாமல், பயந்து, களைத்து வந்த மாடு தன் கிளைக்கோஜனை வழியிலேயே செலவழித்துவிடும். அறுத்தபின் அமிலமாக மாற மிச்சமிராது, பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். அந்த இறைச்சி கறுக்கும், சீக்கிரம் பழுதாகும். கத்தி கூராக இருக்கவேண்டும், மாட்டின் கண்முன்னே தீட்டக்கூடாது, ஒன்றின் முன்னால் மற்றதை அறுக்கக்கூடாது என்று மார்க்கம் சொல்வதெல்லாம் கருணைக்காக. மடுவத்தில் அவற்றைச் சரியாகக் கடைப்பிடித்தால் இறைச்சியின் பி.எச். அளவிலும் தெரியும்.

இனி கொழுப்பு. விலைச் சீட்டில் வாக்யூ, ஏ5, பிரைம் என்று வரும் சொற்களெல்லாம் பெரும்பாலும் தசைக்குள் நூல் நூலாகப் படிந்த வெள்ளைக் கொழுப்பைப் பற்றியவை. ஜப்பான் முறையில் ஏ என்பது ஒரு மாட்டில் எவ்வளவு இறைச்சி தேறுகிறது என்பதற்கு. அது வியாபாரியின் லாபக் கணக்கு, சாப்பிடுகிறவருக்குச் சம்பந்தமில்லை. 5 என்பதுதான் தரம். கொழுப்புப் படிவை மட்டும் 1 முதல் 12 வரை அளக்கும் இன்னோர் எண் உண்டு. ஏ5 என்றால் அது 8க்குக் குறையாது. வாக்யூ கொழுப்பில் ஒலெயிக் அமிலம் அதிகம் என்பதால் விரல் சூட்டிலேயே இளகும். ஆனால் ஜப்பானுக்கு வெளியே 'வாக்யூ' என்ற பெயரில் பாதிக் கலப்பினமும் விற்பனைக்கு வருகிறது. எத்தனை சதவீதம் என்று கேட்க வாங்குகிறவருக்கு உரிமையுண்டு. ஜப்பான் மாட்டிறைச்சி என்று சொன்னால் அந்த மாட்டின் 10 இலக்க அடையாள எண்ணைக் கேளுங்கள். 2003இல் வந்த சட்டப்படி அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் ஒன்று உண்டு. மஞ்சள் கொழுப்பைப் பார்த்துக் கிழட்டு மாடு என்று உடனே தீர்மானிக்கவும் வேண்டாம். புல்லிலுள்ள கரோட்டினும் கொழுப்பை மஞ்சளாக்கும்.

நம் வீடுகளில் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் இறைச்சியை அநேகர் தொடமாட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வாங்கும்போது அதைக் கணக்கில் எடுக்கவேண்டும். உள்வெப்பநிலை 65 பாகையைத் தாண்டும்போது கொலாஜன் உறை சுருங்கி, ஈரத் துணியைப்போல் தசையைப் பிழியத் தொடங்கும். கொழுப்பில்லாத அண்டர்கட் அங்கே வறண்டுபோகும். கொழுப்பு ஓடிய விலாப்பக்கத் துண்டு தாக்குப்பிடிக்கும். முழுக்க வேகவைத்தே சாப்பிடுகிற வீட்டுக்கு அண்டர்கட்டைவிட அதுதான் காசுக்கு மதிப்பு.

பெட்டி வந்ததும் பார்க்கவேண்டியது இவ்வளவுதான். குளிரூட்டி அனுப்பியதென்றால் பக்கற் கைக்குச் சில்லென்று, இறைச்சியோடு ஒட்டி இருக்கவேண்டும். பலூனாக உப்பியிருந்தால் உள்ளே பற்றீரியா வாயு விட்டிருக்கிறது, திருப்பி அனுப்பலாம். திறந்ததும் லேசான புளித்த வாடை வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடும், போகாவிட்டால் சந்தேகப்படுங்கள். உறையவைத்து அனுப்பியதென்றால் பக்கற்றுக்குள் சிவப்பு ஐஸ் கட்டி தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வழியில் உருகி மறுபடி உறைந்ததன் தடயம் அது. மெதுவாக உறைந்த இறைச்சியில் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து கலங்களைக் கிழித்துவிடும். உருக்கும்போது அந்த நீரெல்லாம் வெளியே. கிலோ கணக்கில் காசு கொடுத்தவர் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். ஆகவே உருக்கி வடித்தபின் ஒரு தடவை தராசில் வையுங்கள். எலும்பையும் ஓரக் கொழுப்பையும் கழித்து, தட்டுக்கு வருகிற நூறு கிராமுக்கு என்ன விலை என்று பார்த்தால், 'சலுகை விலை' என்று வந்தது சிலவேளை சலுகையே இல்லை என்று தெரியும். ஹலால் சான்றையும் கடையின் பெயரை வைத்து ஊகிக்காமல், அந்தப் பக்கற்றுக்கு யார் கொடுத்தது என்று பார்ப்பது நல்லது. இலங்கையில் ஜம்இய்யத்துல் உலமா அந்த வேலையிலிருந்து விலகியபின் 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை அதைச் செய்கிறது. வெளிநாட்டு இறைச்சியில் அந்தந்த நாட்டுச் சான்று நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

சீட்டில் இருக்கிற 21 நாளை ஊரிலேயே செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. முதிரவைத்தல் அறுத்த முதல் மணி நேரத்திலேயே தொடங்குகிறது: கழுவிய கொக்கி, மூடிய குளிரறை, அளவாக இறங்கும் வெப்பநிலை. திறந்த கடையில் காலை முழுக்க ஈ மொய்க்கத் தொங்கியதைக் கொண்டுவந்து பிரிட்ஜில் மூன்று கிழமை வைத்தால் கிடைப்பது ஸ்டேக் அல்ல, வயிற்றோட்டம். ஆசை இருந்தால் வழக்கமாக வாங்கும் காக்காவிடம் முதல் நாளே சொல்லிவைத்து, கடை திறந்ததும் அண்டர்கட்டை முழுத் துண்டாக வாங்கி, துடைத்து, கிண்ணத்தில் மூடிப் பிரிட்ஜின் அடித்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். விறைப்பு விட்டிருக்கும், நொதியமும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். இழைக்குக் குறுக்காக ஒன்றரை அங்குலத் தடிப்பில் வெட்டி, மேற்புற ஈரத்தை ஒற்றியெடுத்து, தட்டு நன்றாகக் காய்ந்தபின் போடவேண்டும். மூன்றாம் நாளுக்கு மேல் வைக்கவேண்டாம், கறியாக ஆக்கிவிடுங்கள்.